பொலிக்சேனியின் கல்யாணத்துக்கு ஒரு ஃப்ளாஷ்

தோமயியின் ஃப்ளாஷ் ஞானஸ்நானத் தொட்டிக்குள் விழுந்ததைக் கோயிலில் இருந்த எல்லோரும் பார்த்தோம். ரொட்டிக்கடைக்காரன் வீட்டுக் குழந்தையை, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, பாதிரியார் நௌம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். குழந்தை காலை உதைத்தது. அந்த உதையைப் படம் எடுக்கத்தான் தோமயி தொட்டியின் மேல் எக்கினாள். கேமரா புதுசு, சின்னது. அதன் தலையில் அவள் மாட்டியிருந்த ஃப்ளாஷ் பழசு, பெரியது. கேமராவைவிட அது கனம். அதன் அடிப்பாகம் கோடை முழுக்க ஆடிக்கொண்டே இருந்தது. அவள் சாய்ந்ததும் கழன்று, தண்ணீரில் சத்தம்கூட அதிகமில்லாமல் இறங்கிவிட்டது.

பாதிரியார் குழந்தையை ஞானத்தாயிடம் கொடுத்துவிட்டு, அங்கியின் கையை மடித்துக்கொண்டு, தொட்டிக்குள் துழாவி அதை எடுத்தார். எண்ணெயும் தண்ணீரும் சொட்டியது.

"குழந்தைக்கு முன்னாடி இது முங்கி எந்திரிச்சிடுச்சு. என்ன பேரு வைக்கலாம், தோமயி?" என்றார்.

ஞானத்தகப்பனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தண்ணீரை மாற்றி, சுடவைத்து, திரும்பவும் மந்திரம் சொல்லி முடிக்கும்வரை அவன் வாசலில் நின்று சிகரெட் பிடித்தான். மற்றவர்கள் எல்லோரும் சிரித்தோம். தோமயியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதைப் பாவாடை முனையில் துடைத்து, பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். அது திரும்ப உயிர்பெறவில்லை.

எங்கள் கலாமியா கிரீஸின் வடகோடியில், பிரெஸ்பா ஏரியின் கரையில் இருக்கிறது. ஏரியில் மீன், கரையில் மொச்சை. ஊருக்கு இந்த இரண்டும்தான் பிழைப்பு. தோமயிக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் கல்யாணம், ஞானஸ்நானம், திருவிழா எதுவானாலும் படம் எடுக்க அவள்தான் வருவாள். அவள் புருஷன் ஸ்டெர்யோஸ் மொச்சை விவசாயி. நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். வாசல் நிலையில் நின்றானென்றால் வீட்டுக்குள் வெளிச்சம் குறையும்.

அன்று சாயங்காலம் அவன் அந்த ஃப்ளாஷை மொச்சை மூட்டைக்குள் புதைத்து வைத்தான்.

"ஈரத்த இழுத்துடும்" என்றான்.

"எண்ணெய?"

"எண்ணெயையும்தான் இழுக்கும். போன வருஷம் ரேடியோ நனைஞ்சப்போ இப்படித்தான வச்சேன்."

"அது பாடவேயில்லையே, ஸ்டெர்யோ."

"இரைச்சல் வந்துச்சுல்ல. உசுரு இருந்துச்சு."

ஃப்ளாஷுக்கு இரைச்சல்கூட வரவில்லை. வேறு சமயமாக இருந்தால் தோமயி குளிர்காலம் வரை பொறுத்திருப்பாள். ஆனால் மொச்சை அறுப்பு முடிந்ததும் வீட்டிலேயே ஒரு கல்யாணம் இருந்தது. கல்யாணப் பெண் ஸ்டெர்யோஸின் அக்கா பொலிக்சேனி. அந்தக் கல்யாணத்தில் ஒரு படமும் எடுக்கக் கூடாது என்று பொலிக்சேனி சொல்லியிருந்தாள்.

பொலிக்சேனிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதே முற்றத்தில் எதிர்வீட்டில் தனியாக இருந்தாள். வாய் துடுக்கு, கை அதைவிடத் துடுக்கு. மொச்சை பொறுக்குவதில் அவளுக்கு ஈடாக இந்தக் கரையில் ஆள் கிடையாது. லாசரோஸ் மீன்பிடிக்கிறவன். மனைவி இறந்து வெகுகாலம் ஆயிற்று. போன குளிர்காலத்திலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு தரம், விற்றது போக மிச்சம் என்று சொல்லி, கெண்டை மீனைக் கொண்டுவந்து அவள் வாசலில் மாட்டிவிட்டுப் போவான். மிச்சமாகிற மீன் எப்படி எப்போதும் பெரிய மீனாகவே இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. ஈஸ்டர் முடிந்ததும் நிச்சயம் செய்துகொண்டார்கள்.

பொலிக்சேனிக்கு ஒரு குறை. எந்தப் படத்திலும் அவள் கண் மூடித்தான் இருக்கும். ரொட்டிக்கடைக்காரன் கல்யாண ஆல்பம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். திருவிழாவில் கையில் கிண்ணத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். ஊரில் அவளுக்குக் 'கண்மூடி' என்று பேரே உண்டு. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கோடையில் லாசரோஸின் மகன் பன்டெலிஸ் மெல்போர்னிலிருந்து கேட்டான்: புதுச் சித்தியின் படம் ஒன்று அனுப்புங்கள் என்று. தோமயி எடுத்ததில் இருப்பதற்குள் நல்லதாகப் பார்த்து, இமை பாதி திறந்திருந்த ஒன்றை அனுப்பினார்கள். மறுநாள் அப்பா பொலிக்சேனி வீட்டில் இருந்தபோது அவன் கூப்பிட்டான். லாசரோஸுக்குக் காது மந்தம். போனை எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவான். முற்றத்தில் மிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்த பொலிக்சேனிக்கு எல்லாம் கேட்டது.

"அப்பா, அவங்களுக்குக் கண்ணு தெரியும்ல? தெரியலன்னாலும் ஒண்ணுமில்ல. உன்னால பாத்துக்க முடியுமான்னுதான் கேட்டேன்."

பொலிக்சேனி எழுந்து கையைக் கழுவினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த நாள் வந்து தோமயியிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"கோயில்ல கேமரா வேணாம். சாப்பாட்டுலயும் வேணாம். நான் குருடின்னு மெல்போர்ன் வரைக்கும் தெரிஞ்சது போதும்."

ஏரியைச் சுற்றி எத்தனையோ வீட்டுச் சுவரில் தோமயி எடுத்த கல்யாணப் படம் தொங்குகிறது. சொந்த நாத்தனார் கல்யாணத்துக்கு அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதைவிட இன்னொன்று அவளை அரித்தது. அந்தப் படங்களெல்லாம் அவள் எடுத்தவைதானே.

லாசரோஸ் ஒரு நாள் மீனோடு அவள் வாசலுக்கே வந்தான்.

"ஒரே ஒரு படம் போதும், தோமயி. மூத்த சம்சாரத்த எனக்கு ஞாபகத்துல இருக்கு, ஆனா வீட்டுல ஒரு படம் கிடையாது. இவளோடதாவது சுவத்துல இருக்கணும். அவ என்னப் பாக்கற மாதிரி இருக்கணும்."

"அண்ணிதான் வேணாம்னு சொல்றாங்களே."

"நீ எடுக்கற விதமா எடுத்தா வேணாங்க மாட்டா" என்றான். அவனுக்குக் கேமரா பற்றி ஒன்றும் தெரியாது. தோமயி மேல் அவ்வளவு நம்பிக்கை.

*

மலைக்குக் கீழே ஃபுளோரினா டவுனில் யோர்தானிஸின் கடை கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கேமரா விற்பான், பழுது பார்ப்பான், அடையாள அட்டைக்குப் படமும் எடுப்பான். மலை இறங்கி அவன் கடைக்குப் போவதென்றால் ஸ்டெர்யோஸுக்கும் உற்சாகம். யோர்தானிஸ் பேச்சுக்குக் காபியும், காபிக்குப் பேச்சும் வைத்திருப்பான்.

செத்த ஃப்ளாஷை மேசையில் வைத்ததும் யோர்தானிஸ் அதை முகர்ந்து பார்த்தான்.

"சாம்பிராணி வாசம் வருது."

"ஞானஸ்நானம் ஆயிடுச்சு அதுக்கு" என்றாள் தோமயி.

"தெறந்து கிறந்து பாத்தீங்களா? உள்ள கரண்ட் தேங்கி நிக்கும், ஆளத் தூக்கி எறிஞ்சிடும்."

"மொச்சைக்குள்ளதான் வச்சேன்" என்றான் ஸ்டெர்யோஸ்.

"நல்ல வேளை."

பொலிக்சேனியின் கதையைக் கேட்டுக்கொண்டே யோர்தானிஸ் உள்ளேயிருந்து மூன்று ஃப்ளாஷ் கொண்டுவந்து வரிசையாக வைத்தான். முதலாவது பழையதைவிடப் பெரியது. ஸ்டெர்யோஸ் அதைத்தான் முதலில் கையில் எடுத்தான். அவன் கைக்கு அளவாக இருந்தது.

"இதுக்குச் சக்தி எவ்வளவு?"

"கோயில் கடைசி வரிசை வரைக்கும் போகும். நாலு பாட்டரி."

"அப்ப இதுதான். தோமயி, மேட்டுல ஏற டிராக்டர் வாங்கும்போது சின்னதாவா பாப்பாங்க?"

"நான் மேட்டுல ஏறல. இத மாட்டினா கேமரா கவுந்துடும். மறுபடியும் தொட்டிக்குள்ள போகும்."

"கயிறு போட்டுக் கட்டிக்க."

தோமயி இரண்டாவதை எடுத்தாள். தீப்பெட்டி அளவுதான். பாட்டரி கிடையாது, கேமராவிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சட்டைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. கேமராவில் மாட்டி அதன் தலையைத் திருப்பப் பார்த்தாள். திரும்பவில்லை.

"நேரா மட்டும்தான் அடிக்கும். மூஞ்சிலயே அடிக்கும்" என்றான் யோர்தானிஸ். "எவ்வளவு வெளிச்சம் வேணும்கிறதும் அதுவே தீர்மானிக்கும், நாம சொல்ல முடியாது. உன் அண்ணிக்கு இது சரிப்படாது."

"அண்ணிக்கு எதுதான் சரிப்படும்? அவங்க கண்ணு தெறக்காது."

"ஏன் தெறக்காது? அடையாள அட்டைப் படம் நான்தான எடுத்தேன். முட்டக் கண்ணால என்ன மொறச்சுட்டு இருக்கறாப்ல இருக்கும்."

தோமயி அவனைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த அட்டை ஞாபகம் வந்தது. அதில் பொலிக்சேனியின் கண் நன்றாகத் திறந்துதான் இருந்தது. அட்டைப் படத்தை யார் படமென்று எண்ணுகிறார்கள்? அதனால் யாருக்கும் அது கணக்கில் வரவில்லை.

"எந்த லைட்டுல எடுத்தீங்க?"

யோர்தானிஸ் கடைக்குப் பின்னால் கையைக் காட்டினான். மூன்று காலில் நிற்கிற குடை விளக்கு. "நான்தான் அளவ வைப்பேன். அமுக்கினா ஒரே ஒரு தரம் அடிக்கும், அவ்வளவுதான்."

தோமயி காபியை அப்படியே வைத்துவிட்டாள். அவள் ஃப்ளாஷ் அப்படி அடிப்பதில்லை. படம் எடுக்கும் முன்னால் வெளிச்சத்தை அளக்க அது ஒரு சின்ன மின்னல் விடும்; அடுத்த கண்ணிமைப்புக்குள் பெரிய மின்னல். இரண்டும் ஒன்றுபோலத்தான் நமக்குத் தெரியும். நம் இமை சுதாரித்துக்கொண்டு மூடுவதற்குள் படம் முடிந்திருக்கும்.

"அண்ணி இமை முதல் மின்னலுக்கே மூடிடுது" என்றாள் மெதுவாக. "ரெண்டாவது வர்றதுக்குள்ள. அவ்வளவு வேகம்."

"இருக்கும்" என்றான் யோர்தானிஸ். "லட்சத்துல ஒருத்தருக்கு இருக்கும்னு வையி. அப்ப நீ கையால அளவு வைக்கிற ஃப்ளாஷா எடுத்துக்க. முதல் மின்னல் இருக்காது."

மூன்றாவதை அவள் பக்கம் தள்ளினான். உள்ளங்கையில் அடங்கியது. இரண்டு பாட்டரி. தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்பியது. பின்னால் அளவை மாற்ற ஒரு சக்கரம்.

"ஆனா சக்தி கம்மி. பெருசுல பாதி. ஒரு தரம் அடிச்சா மூச்சு வாங்கிட்டுத்தான் அடுத்தது."

"பாதியா? கோயில் பத்தி உனக்குத் தெரியாது, யோர்தானிஸ்" என்றான் ஸ்டெர்யோஸ். "பகல்லயே மெழுகுவத்தி இல்லாம சுவத்துல இருக்கற புனிதர் யாருன்னு தெரியாது."

"மூணையும் எடுத்துட்டுப் போங்க. பாத்துட்டு எது வேணுமோ அத வச்சுக்குங்க."

*

மொச்சை அறுப்பு அந்த வாரம் உச்சத்தில் இருந்தது. கழிகளில் காய்ந்த கொடியைப் பிடுங்கிப் போர் போட்டு, அடித்து, தூற்றி, கொட்டகையில் குவித்திருந்தார்கள். காலையில் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வயலை மூடிவிடும். பத்தடி தள்ளி வேலை செய்கிறவனைப் பேச்சை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். மதியத்துக்கு மேல்தான் பனி விலகி எதிர்க்கரை மலை தெரியும். அதற்குப் பிறகு பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்து மொச்சை பொறுக்குவார்கள். பொலிக்சேனி பலகையில் மொச்சையைக் கொட்டி, இரண்டு கையாலும் சரித்துவிடுவாள். கீழே மூட்டையில் விழுவது எல்லாம் வெள்ளை. கல்லும் சுருங்கியதும் பூச்சி தின்றதும் எப்போது அவள் மடிக்கு வந்தது என்று யாரும் பார்த்ததில்லை.

தோமயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் கேமரா.

"அத உள்ள வச்சுட்டு வந்து பொறுக்கு" என்றாள் பொலிக்சேனி.

"அண்ணி, உங்க கண்ணுல குறையே இல்ல. உங்க கண்ணுதான் ஊர்லயே வேகமான கண்ணு. என் ஃப்ளாஷுதான் மெதுவு."

"பகல்லயே சிப்புரோ குடிச்சியா?"

தோமயி இரண்டு மின்னல் கதையைச் சொன்னாள். பொலிக்சேனி கையை நிறுத்தாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் பொறுக்கிய கல் ஒன்றை மடியிலிருந்து எடுத்து வெளியே எறிந்தாள்.

"அப்ப இத்தன வருஷம் எனக்கு முன்னாடி ஒரு மின்னல விட்டு என்னைக் கண்மூடின்னு பேரு வாங்க வச்சது நீயா?"

"நான்தான்."

"ஒத்துக்கிட்டியே. சரி, ஒண்ணு எடு. கண்ணு மூடி இருந்துச்சுன்னா இந்தப் பேச்ச அதோட விட்டுடணும்."

தோமயி சின்ன ஃப்ளாஷின் தலையைக் கொட்டகையின் சுண்ணாம்புச் சுவருக்குத் திருப்பினாள். சக்கரத்தில் அளவை வைத்தாள். அமுக்கினாள். வெளிச்சம் சுவரில் பட்டு மென்மையாகத் திரும்பி வந்து பொலிக்சேனி மேல் விழுந்தது. திரையைப் பார்த்து தோமயிக்கு முகம் மலர்ந்தது. பொலிக்சேனி எட்டிப் பார்த்தாள்.

"கீழ பாத்துட்டு இருக்கேன். மொச்சையப் பாக்கறப்போ எல்லார் கண்ணும் மூடின மாதிரிதான் இருக்கும்."

"மூடல அண்ணி, இங்க பாருங்க, கருவிழி தெரியுது."

"அது நிழலு."

"அப்ப நிமிந்து பாருங்க, இன்னொண்ணு எடுக்கறேன்."

"ஒண்ணுன்னுதான பேச்சு?" பொலிக்சேனி மறுபடி மொச்சையைச் சரித்தாள். இரண்டு பலகை முடிந்த பிறகு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "கோயில்ல எடுத்துக்க. லாசரோஸ் வேற மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கான். ஆனா பளிச்சுன்னு மூஞ்சில ஒண்ணு வந்துச்சு, கல்யாணக் கிரீடத்தக் கழட்டி சாமி கையில குடுத்துட்டு வீட்டுக்கு வந்துடுவேன். சொல்லிட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்தில் ஒரு குழப்பம் வந்தால் அது ஃப்ளாஷால்தான் வரும் என்று ஊரில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ரொட்டிக்கடையில் சிலர் பந்தயம்கூடக் கட்டினார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மதியம், தோமயி ஸ்டெர்யோஸைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். சாவியைக் கொடுத்துவிட்டு பாதிரியார் நௌமும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். ஸ்டெர்யோஸை மணமக்கள் நிற்கிற இடத்தில் நிறுத்தினாள். முதலில் பெரியதை மாட்டி நேராக அடித்தாள். படத்தில் ஸ்டெர்யோஸ் போலீஸ்காரன் பிடித்துவைத்த ஆள் மாதிரி விழித்தான். பின்னால் சுவரில் அவன் நிழல் அவனைவிடப் பெரிதாக நின்றது. பெரியதைப் பைக்குள் போட்டுவிட்டுச் சின்னதை மாட்டி மேல்நோக்கித் திருப்பினாள். எத்தனை தலைமுறை மெழுகுப் புகையோ, எங்கள் கோயில் கூரை தார் பூசியது போலிருக்கும். போன வெளிச்சம் திரும்பவே இல்லை. படம் முழுக்க இருட்டு.

"கிறிஸ்து விழுங்கிட்டாரு" என்றார் பாதிரியார், மேலே குவிமாடத்துக்குள் வரைந்திருந்த கிறிஸ்துவைக் காட்டி.

"சாமி, இங்க எங்கயாவது வெள்ளைச் சுவரு இருக்கா?"

"பீடத்துக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. அங்க பொம்பளைங்க வரக் கூடாது."

தோமயி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு தூரம் வந்து கூரையிடம் தோற்பதா என்றிருந்தது அவளுக்கு.

"நான் அப்பவே சொன்னேன், பெருசுதான் வேணும்னு. பெருச மேல திருப்பி அடிச்சுப் பாரு" என்றான் ஸ்டெர்யோஸ். பேசியபடியே மேல்கோட்டைக் கழற்றினான். காலையிலிருந்து மூட்டை தூக்கிவிட்டு வந்திருந்தான், அவனுக்கு வேர்த்தது. உள்ளே வெள்ளைப் பனியன். "தள்ளு, அந்தப் பெருச பைக்குள்ளதான வச்சிருக்க, நான் எடுத்துத் தரேன்."

அவன் குறுக்கே வந்து குனிந்தான். எழுந்திருக்கப் போன தோமயியின் விரல் கேமராவில் பட்டு ஃப்ளாஷ் அடித்துவிட்டது. அதன் தலை எப்படியோ பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வெளிச்சம் நேராகப் போய் ஸ்டெர்யோஸின் முதுகில் பட்டது. கேமரா பாதிரியாரைப் பார்த்தபடி இருந்தது.

தோமயி திரையைப் பார்த்தாள். பாதிரியார் நௌம் ஜன்னலோரத்தில் நிற்பதுபோல் நின்றார். தாடியின் ஒவ்வொரு நரையும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணில் ஒரு துளி வெளிச்சம்.

"ஸ்டெர்யோ, அசையாத."

"என்ன?"

"அப்படியே நில்லு. முதுகைக் காட்டு."

இன்னொன்று எடுத்தாள். இன்னும் நன்றாக வந்தது. பாதிரியார் வந்து எட்டிப் பார்த்தார்.

"நான் இவ்வளவு நல்லவனாட்டம் இருக்கேனா?"

"இவ்வளவு பெரிய வெள்ளைச் சுவரு வீட்டுலயே இருந்திருக்கு. நான் கோயில் கோயிலா தேடிட்டு இருக்கேன்" என்றாள் தோமயி. "ஸ்டெர்யோ, ஞாயித்துக்கெழம வெள்ளச் சட்ட போடு. கோட்டு போடக் கூடாது."

ஸ்டெர்யோஸ் நிமிர்ந்தான். அக்கா கல்யாணத்துக்கென்று அவன் முதல்முறையாக ஒரு கருநீலக் கோட்டு தைத்திருந்தான். அவன் அளவுக்குக் கடையில் கிடைக்காது. ஃபுளோரினாவில் அளவு கொடுத்துத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அக்காவைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டி வருவதாக அவன் எத்தனையோ தரம் சொல்லியாயிற்று.

"கூட்டிட்டு வரப்போ போட்டுக்க" என்றாள் தோமயி. "உள்ள வந்ததும் கழட்டிடு. எம் பக்கத்துல முதுகக் காட்டிட்டு நில்லு."

"அக்கா கல்யாணத்த நான் முதுகாலயா பாக்கணும்?"

"தலைய மட்டும் திருப்பிக்கலாம்."

அவன் கொஞ்ச நேரம் கோட்டைப் பற்றி யோசித்தான். பிறகு அக்காவைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். "குளுருமே" என்றான். அவன் சம்மதித்துவிட்டான் என்று அதற்கு அர்த்தம்.

*

ஞாயிற்றுக்கிழமை பனி மதியம் வரை விலகவில்லை. பித்தளை வாத்தியக்காரர்கள் பனிக்குள்ளிருந்து ஊதிக்கொண்டே வந்தார்கள். சத்தம் முதலில் வந்தது, ஆட்கள் பின்னால் வந்தார்கள். பொலிக்சேனி சாம்பல் நிற உடையும் குதிகால் உயர்ந்த புதுச் செருப்பும் போட்டிருந்தாள். அந்தச் செருப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நடையிலேயே தெரிந்தது. ஸ்டெர்யோஸ் கருநீலக் கோட்டில் அவளைக் கைபிடித்து வந்தான். ரொட்டிக்கடைக்காரன் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டினான். உள்ளே நுழைந்ததும் ஸ்டெர்யோஸ் அதைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு போய்த் தோமயி பக்கத்தில் ஊருக்கு முகமும் மணமக்களுக்கு முதுகுமாக நின்றான். இவன் எதற்கு இப்படி நிற்கிறான் என்று கோயில் முழுக்க முணுமுணுத்தார்கள்.

மணமக்கள் தலையில் கிரீடம் ஏறியதும் தோமயி முதல் படத்தை எடுத்தாள். வெளிச்சம் ஸ்டெர்யோஸின் முதுகில் விழுந்து திரும்பியது. பொலிக்சேனி கிரீடத்தைக் கழற்றவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோமயி திரையைப் பார்க்கத் துணியவில்லை. அடுத்ததை எடுத்தாள். சின்ன ஃப்ளாஷ் மூச்சு வாங்கியது. அது தயாராகும்வரை அவளும் காத்திருந்தாள்.

"நல்லா வருதா?" என்றான் ஸ்டெர்யோஸ் காதோரமாக.

"பேசாத. நீ பேசினா முதுகு ஆடுது."

கிரீடம் மாற்றி முடிந்ததும் பாதிரியார் நௌம் பைபிளிலிருந்து நிருபத்தை வாசிக்கத் தொடங்கினார். மனைவி கணவனுக்கு அஞ்சி நடக்கக்கடவள் என்ற வரி வரும்போது மணப்பெண் மாப்பிள்ளையின் காலை மிதிக்க வேண்டும். யார் முதலில் மிதிக்கிறார்களோ வீட்டில் அவர்கள் சொல்தான். அந்த வரி வருவதற்காகக் கோயிலே கழுத்தை நீட்டியது. லாசரோஸுக்குத்தான் காது மந்தமாயிற்றே. வாசிப்பு எங்கே போய்க்கொண்டிருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை. பொலிக்சேனிக்குத் தெரிந்தது. புதுச் செருப்பின் குதிகாலை அவள் முழு மனதோடு இறக்கினாள்.

தோமயி அமுக்கினாள்.

*

ஊர் மண்டபத்தில் அடுப்பில் வெந்த மொச்சையும் மிளகாய் வைத்துச் சுட்ட கெண்டையும் பரிமாறினார்கள். லாசரோஸ் ஒரு காலைத் தாங்கி நடந்தான். தோமயி தட்டைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கேமராவைக் கொண்டுபோய்ப் பொலிக்சேனியின் முன்னால் வைத்தாள்.

படத்தில் பொலிக்சேனி தலையை ஒரு பக்கம் சாய்த்து, மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் முழுசாகத் திறந்திருந்தது. அதில் வெளிச்சமும் இருந்தது, கொஞ்சம் குறும்பும் இருந்தது. பக்கத்தில் லாசரோஸ் வலியில் பல்லைக் கடித்து, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நின்றான்.

பொலிக்சேனி முதலில் சிரிக்கவில்லை. கேமராவை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கண்ணு இப்படியா இருக்கும்?" என்றாள். "எங்கம்மா கண்ணு மாதிரி இருக்கே. எனக்கு யாரும் சொல்லல."

"கண்ணாடியில பாத்ததில்லையா அண்ணி?"

"கண்ணாடியில நான் தலைதான் சீவுவேன்."

ஸ்டெர்யோஸ் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். அக்காவின் கல்யாணத்தை அப்போதுதான் அவன் நேராகப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "குளுரு" என்றான்.

லாசரோஸ் கேமராவை வாங்கிப் பார்த்தான். தன்னைப் பார்த்துக் கொஞ்சம் வருத்தப்பட்டான். "இதுல எங்கண்ணுல்ல மூடியிருக்கு. கண்ணு தெறந்தது வேற இல்லையா?"

"இருக்கு. ஆனா இதுதான் சுவத்துக்கு" என்றாள் பொலிக்சேனி. "அவ என்னப் பாக்கற மாதிரி இருக்கணும்னு நீதான கேட்டியாம்? பாக்கறேன்ல?"

அங்கேயே படத்தைப் போனுக்கு மாற்றி மெல்போர்னுக்கு அனுப்பினார்கள். அங்கே நடுராத்திரி. அப்படியும் பன்டெலிஸ் உடனே கூப்பிட்டான். பொலிக்சேனி போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். என்ன பேசினார்களென்று எங்களுக்குக் கேட்கவில்லை. வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள்.

"ஈஸ்டருக்கு வர்றானாம். புள்ளைங்களையும் கூட்டிட்டு" என்று லாசரோஸின் காதில் சத்தமாகச் சொன்னாள். பிறகு தோமயியின் தோளைப் பிடித்து எழுப்பினாள். "எந்திரி. ஆடறப்போ எடு. ரொட்டிக்கடைக்காரனோட எடு. சாமியோட ஒண்ணு."

தோமயி எடுத்தாள். பொலிக்சேனி ஒவ்வொரு நாற்காலியாகப் போய் உட்கார்ந்தாள், ஒவ்வொருவர் தோளிலும் கை போட்டாள், ஒவ்வொரு படத்தையும் பார்த்தாள். எங்கே போனாலும் ஸ்டெர்யோஸ் வெள்ளைச் சட்டையோடு பின்னால் போக வேண்டியிருந்தது. மண்டபத்துச் சுவர் வெள்ளைதான், அவன் தேவையில்லை என்று தோமயி சொல்லியும் அவன் கேட்கவில்லை. தன் முதுகுக்கு வந்த பெருமையை அவன் விடுவதாக இல்லை. கருநீலக் கோட்டை ரொட்டிக்கடைக்காரன் தன் நாற்காலியில் மாட்டிவைத்துக் காவல் காத்தான்.

சாயங்காலம், வட்ட ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில், ஃப்ளாஷ் நின்றுபோயிற்று. தோமயி பையைத் துழாவினாள்.

"பாட்டரி தீந்துடுச்சு, அண்ணி. மாத்துப் பாட்டரியும் தீந்துடுச்சு. கடையும் அடைச்சிருக்கும்."

பொலிக்சேனி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். எதையும் தேட அவள் கண் அதிக நேரம் எடுத்துக்கொண்டதில்லை. வெறுங்காலோடு நாற்காலியில் ஏறி, மேடைக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தை இறக்கினாள். பின்னால் திறந்து பாட்டரியை எடுத்தாள். சமையலறைக்குள் போய் அங்கிருந்த கடிகாரத்தையும் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"மணி தெரியாம எல்லாரும் எப்படி வீட்டுக்குப் போறது?" என்றார் பாதிரியார் நௌம்.

"யாரு போகச் சொன்னா?" என்றாள் பொலிக்சேனி. இரண்டு பாட்டரியையும் தோமயியின் கையில் வைத்துவிட்டு, ஆட்டத்தின் முதல் ஆளாகப் போய் நின்று, கேமராவைப் பார்த்தாள்.